தெருவில் முந்நூறு ரூபாய்க்கு ஃபோ கிடைக்கும்போது, பத்தாயிரம் ரூபாய் வியட்நாம் விருந்து எதற்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: திருமண நாளுக்கு ஹோ சி மின் நகரம் போகிறீர்கள். ஓர் இரவு ‘நவீன வியட்நாம்’ உணவகம் ஒன்றில் சாப்பிட ஆசை. தலைக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். அதே ஊரில் முந்நூறு ரூபாய்க்குள் அருமையான ஃபோ, அதாவது அவர்களுடைய அரிசி நூடுல்ஸ் சூப், கிடைக்கிறதே, இது தேவைதானா என்று கேட்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், மனைவி சுத்த சைவம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் ருசியைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை, பணத்தையும் கொடுத்துவிட்டு ஏமாந்துபோய் வெளியே வருவோமோ என்றுதான் பயப்படுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நான் சைகோனில், அதாவது அதே ஹோ சி மின் நகரத்தில், ஹோட்டல் தொழிலில் வருடக்கணக்கில் இருந்தவன். பரிமாறும் பக்கத்து ஆள், சமையல்காரன் இல்லை. எனவே அடுப்பு நுணுக்கங்களைவிட மேசைக்கு வருவதையும், மேசையில் அமர்ந்தவர்கள் எதில் மகிழ்ந்தார்கள், எதில் முகம் சுளித்தார்கள் என்பதையும்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

நேரான பதில்: வயிற்றையும் நாக்கையும் மட்டும் கணக்கில் எடுத்தால் தேவையில்லை. சைகோனின் நடைபாதைச் சாப்பாடு உலகத்தின் எந்த விலையுயர்ந்த சாப்பாட்டோடும் நிற்கும். நவீன உணவகத்துக்குப் போவதற்கு வேறொரு காரணம் இருக்க வேண்டும். அது என்னவென்று சொல்ல, அங்கே சாதாரணமாக எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சைகோனில் ஒரு கிண்ணம் ஃபோ கேட்டால் கூடவே ஒரு தட்டு நிறையத் தழை வரும். துளசி இனத்தில் ஒன்று, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும் நீண்ட இலைக் கொத்தமல்லி, முளைகட்டிய பயறு, எலுமிச்சை, மிளகாய். எதை எவ்வளவு கிள்ளிப் போடுவது என்பது உங்கள் பாடு. பான் ஸியோ என்று ஒன்று உண்டு: மஞ்சள் கலந்த அரிசி மாவு, தெற்கே என்றால் தேங்காய்ப்பாலும் சேர்த்து மொறுமொறுவென்று வார்ப்பது. நம்மவர்கள் பார்த்ததும் தோசை என்பார்கள். ஆனால் அதைப் பிய்த்து, கீரை இலையில் வைத்து, நாலைந்து தழைகளையும் சேர்த்துச் சுருட்டி, மீன் சாறு, எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் கலந்த நீரில் தோய்த்துத்தான் வாயில் போட வேண்டும். வீட்டுச் சாப்பாட்டிலும் அப்படியே. நடுவில் தட்டு, சோறு, ஒரு குழம்பு வகை, ஒரு சூப், கீரை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிண்ணம் தொட்டுக்கொள்ளும் சாறு. சமையல்காரர் முக்கால்வாசி வேலையை முடித்து அனுப்புகிறார், மீதிக் கால்வாசி சாப்பிடுகிறவர் கையில்.

உயர்தர உணவகம் அந்தக் கால்வாசியை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏழெட்டு, சில இடங்களில் பத்துக்கும் மேற்பட்ட சிறு தட்டுகள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றிலும் எந்த இலை, எத்தனை சொட்டு சாறு, எவ்வளவு புளிப்பு என்பதெல்லாம் முன்னாலேயே முடிவாகியிருக்கும். ஃபோ சாற்றைச் சுண்டவைத்து ஒரு கரண்டிக்குள் அடக்கி, ஒரே வாயில் முடித்துவிடுவார்கள். பான் ஸியோ உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, மடித்து, தழைகளும் சாறும் உள்ளேயே வைத்து வரும். இது லாபமா நஷ்டமா என்று கேட்டால், இரண்டும்தான். உங்கள் கை சேர்க்கும் விகிதத்தைவிட அவர்களுடைய விகிதம் துல்லியமாக இருக்கும், அது லாபம். ஆனால் வியட்நாமியச் சாப்பாட்டின் பாதி சந்தோஷமே அந்தக் கலகலப்பும், கை நனைய இலை சுருட்டுவதும், அடுத்தவர் கிண்ணத்தில் ஒரு துண்டு எடுத்து வைப்பதும். அதை இழந்துதான் இதைப் பெற முடியும். நல்ல நவீன உணவகங்களுக்கு இது தெரியும். நடுவில் ஒரு சுற்றிலாவது ஒரு தட்டு தழையைக் கொண்டுவந்து வைத்து, நீங்களே சுருட்டுங்கள் என்று விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் விருந்தினர்கள் அந்தச் சுற்றில்தான் வாய்விட்டுச் சிரித்துப் பேசத் தொடங்குவார்கள்.

சரி, பணம் எதற்குப் போகிறது? முதலில் ஆட்களுக்கு. இருபது முப்பது பேர் உட்காரும் அறைக்கு அடுப்பிலும் வெளியிலுமாகக் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் ஆட்கள் நிற்பது இந்த வகை இடங்களில் சகஜம். தழைகளை மட்டும் ஆய்ந்து, கழுவி, ஈரம் போக்கி, அளவு பார்த்துத் தரம் பிரிக்க ஓர் ஆளுக்கு அரை நாள் ஆகும். அப்புறம் நகர மையத்து வாடகை. மூன்றாவதாகத்தான் பொருட்கள்: ஃபூ குவோக் தீவின் மிளகு, டா லாட் மலையின் காய்கறி, மெக்கோங் வடிநிலத்தின் மீனும் இறாலும், பென் ட்ரே பக்கத்துக் கொக்கோ. இவையெல்லாம் உள்ளூரில் கிடைப்பவை, தங்க விலை கிடையாது. விலை தங்கமாக வேண்டும் என்றால்தான் வாத்து ஈரல், டிரஃபிள் காளான், வாக்யூ மாட்டிறைச்சி என்று வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரும். நூறு டாலருக்கு விற்ற பான் மீ, அதாவது வியட்நாம் சாண்ட்விச், பற்றிய செய்தி உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அது விளையாட்டு. பேசவைக்கச் செய்தது, அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. ஆனால் மெனு முழுக்கவே அப்படி இருந்தால் அது வியட்நாமியச் சமையலின் பெயரில் நடக்கும் வேறு வியாபாரம் என்பது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

மிஷெலின் நட்சத்திரம், அதாவது அந்தப் பெயருள்ள உணவகக் கையேடு சிறந்த இடங்களுக்குத் தரும் அங்கீகாரம், பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கையேடு வியட்நாமுக்கு முதன்முதலில் வந்தது 2023 ஜூனில். ஹனோயையும் ஹோ சி மின் நகரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு இடங்களுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். அதில் சைகோனில் இருந்தது ஒன்றுதான்: தோன் தட் டாம் தெருவின் பழைய சந்தைக்குள், குறுகலான ஒரு மாடி வீட்டில் நடக்கும் ஆனான் சைகோன். அதன் சமையல்காரர் பீட்டர் குவோங் ஃபிராங்க்ளின் டா லாட்டில் பிறந்து, 1975-இல் நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் படித்து, வங்கித் தொழிலில் இருந்துவிட்டுப் பிறகு சமையலுக்கு வந்தவர். கடையைத் திறந்தது 2017-இல். தெருவுணவை எடுத்துக்கொண்டு அதைப் புதிதாகச் செய்வது அவர் வழி. ஹனோயில் இலக்கியக் கோயிலுக்கு எதிரே இருக்கும் ஜியா வேறு மாதிரி. அங்கே சாம் ட்ரான் என்ற பெண் சமையல்காரர் பருவத்துக்குப் பருவம் மெனுவை மாற்றுகிறார், அடக்கமான, அமைதியான தட்டுகள். டா நாங்கில் நென் என்ற உணவகம் 2024-இல், சுற்றுச்சூழல் அக்கறைக்காக அதே கையேடு கொடுத்த பசுமை நட்சத்திரம் வாங்கியது. அந்த முதல் நான்கில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஹனோயின் தாம் வி நவீனமே அல்ல. வடக்கத்தி வீட்டுச் சாப்பாடு, நண்டு சூப், உப்பில் ஊறிய கத்தரிக்காய், நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது, மற்ற நட்சத்திர இடங்களோடு ஒப்பிட்டால் விலையும் கொஞ்சம்தான். ஆக நட்சத்திரம் என்றாலே பத்தாயிரம் ரூபாய் என்றும் கிடையாது, பத்தாயிரம் ரூபாய் வாங்குகிற இடமெல்லாம் நட்சத்திரத் தரம் என்றும் கிடையாது. சைகோனில் அதற்குப் பிறகு இன்னும் சில இடங்களும் நட்சத்திரம் வாங்கிவிட்டன. பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால் கிளம்பும் முன் புதிய பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் இடம் நல்லதா என்று வெளியிலிருந்தே கணிக்க எனக்கு இரண்டு அடையாளங்கள் போதும். முதலாவது தழை. மெனுவில் தழைகளின் பெயர் வருகிறதா பாருங்கள். காரம் தட்டும் ராவ் ராம், ஒரு பக்கம் ஊதா நிறமான தியா தோ, வெற்றிலைக்கு உறவான லா லோட், மீன் வாடை வீசும் யெப் கா. கடைசியாகச் சொன்னது பலருக்கு முதல் தடவை ஒத்துக்கொள்ளாது. அதைத் துணிந்து தட்டில் வைக்கும் உணவகம் சுற்றுலாப் பயணிக்குப் பயந்து சமைக்கவில்லை என்று அர்த்தம். இரண்டாவது மீன் சாறு, அதாவது நுவொக் மாம். நெத்திலி இன மீனையும் உப்பையும் பெரிய மரத்தொட்டிகளில் ஏறக்குறைய ஒரு வருடம் ஊறவைத்து வடிப்பது. ஃபூ குவோக் தீவின் சாற்றுக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. எந்த ஊர்ச் சாறு, எத்தனை டிகிரி என்று பரிமாறுபவரைக் கேளுங்கள். அந்த டிகிரி ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்பதைச் சொல்லும் எண். முப்பது, நாற்பது என்று உடனே பதில் வந்தால் நல்ல கையில் இருக்கிறீர்கள். விழித்தால், கூரையில் எத்தனை அழகான விளக்கு தொங்கினாலும் சரி, எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பரிமாறும்போது சொல்லும் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கதை சொல்வார்கள், அது எங்கள் பயிற்சியின் பகுதி. ஃபோ பிரெஞ்சுக்காரர்களின் மாட்டிறைச்சி சூப்பிலிருந்து வந்தது என்று ஒருவர் அடித்துச் சொல்வார், சீன நூடுல்ஸிலிருந்து என்று இன்னொருவர். இது தீராத வழக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே ஹனோய், நாம் டின் வட்டாரத்தில் அது உருவானது என்பதும், 1954-இல் நாடு பிரிந்து வடக்கிலிருந்து ஏராளமானோர் தெற்கே வந்தபோது சைகோனில் பரவியது என்பதும்தான் பொதுவாக எல்லாரும் ஏற்பது. மற்றதைக் கதையாகக் கேட்டு ரசியுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான். வியட்நாமில் சைவச் சாப்பாட்டுக்கு ‘சாய்’ என்று பெயர். பௌத்த வழக்கம் அது. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அசைவம் சாப்பிடுகிறவர்களில்கூடப் பலர் சாய் மட்டும் உண்பார்கள். ஆகவே சைவம் என்ற எண்ணம் அவர்களுக்குப் புதிதல்ல. நவீன உணவகத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை எடுத்துவிடுவது சுலபம், தெரியாததை எடுப்பதுதான் கஷ்டம். தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன், கீரை வதக்கலில் மீன் சாறு, சூப்பில் எலும்பு, வெங்காயத்தாள் எண்ணெயில் சில சமயம் பன்றிக் கொழுப்பு, மத்திய வியட்நாம் பாணித் தட்டுகளில் இறால் விழுது. இனிப்பில்கூட மீன் சாறு கலந்த கேரமல் வரலாம், பாலில் செய்த இனிப்பு, விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் உறைந்ததாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை முந்தின நாளே தயாராகி நிற்பவை. மேசையில் உட்கார்ந்தபிறகு சைவம் என்று சொன்னால் சமையலறை செய்யக்கூடியது தட்டிலிருந்து சிலவற்றை எடுத்துவிடுவது மட்டும்தான். உங்கள் மனைவிக்கு அலங்கரித்த சாலட் நாலு வகை வரும், பில் மட்டும் முழுசாக வரும்.

அதனால் முன்பதிவின்போதே, குறைந்தது மூன்று நான்கு நாள் முன்னால், எழுத்தில் தெரிவியுங்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. மீன் சாறு, இறால் விழுது, எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். முட்டை உண்டா இல்லையா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். இன்னொன்று, நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது: பௌத்தக் கண்டிப்பில் சாய் என்றால் வெங்காயமும் பூண்டும் கிடையாது. சமையலறை அப்படிப் புரிந்துகொண்டால் எல்லாம் சப்பென்று வந்து நிற்கும். உங்களுக்கு அவை பரவாயில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். பால் பொருட்கள் ஆகும் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி சைவ மெனு உண்டா என்று கேளுங்கள். “சமாளித்துக்கொள்ளலாம்” என்ற தொனியில் பதில் வந்தால் நான் அந்த இடத்துக்குப் போகமாட்டேன். அதே எண்ணெயில் இறால் பொரித்திருப்பார்களா என்பது உங்கள் வீட்டில் முக்கியம் என்றால் அதையும் நேரடியாகக் கேட்க வேண்டும், தானாக யாரும் சொல்லமாட்டார்கள். இதெல்லாம் விருப்பம், வழக்கம் சார்ந்த விஷயங்களுக்கு. கடுமையான ஒவ்வாமை இருந்தால் பேச்சே வேறு. வேர்க்கடலையும் இறாலும் புழங்கும் ஒரு சமையலறையில் துளிகூடக் கலக்காது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால் முழுச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. சைகோனில் ஹம் என்ற பெயர் பிரபலம். அழகான இடம், சரியான சைவம், அதே தழைகளின் விளையாட்டு, செலவும் நீங்கள் சொன்ன தொகையில் ஒரு பகுதிதான். திருமண நாள் என்பதால் சொல்கிறேன்: ஒருவர் மூன்று மணி நேரம் ரசித்துச் சாப்பிட, எதிரே இருப்பவர் தட்டைக் கிளறிக்கொண்டிருக்கும் மேசைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பில் விஷயம். வியட்நாம் பணத்துக்கு டாங் என்று பெயர், ஒரு ரூபாய்க்குத் தோராயமாக 300 டாங் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து லட்சம் டாங் என்றால் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். மெனுவில் பல இடங்களில் கடைசி மூன்று சைபரை எழுதமாட்டார்கள், 450 என்றிருந்தால் நாலரை லட்சம் டாங். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி. சேவைக் கட்டணம் பெரும்பாலும் 5 சதவீதம். மதிப்புக் கூட்டு வரி வழக்கமாக 10 சதவீதம், 2022 முதல் இடையிடையே பல இனங்களுக்கு 8 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அதிகமாகக் கையைக் கடிப்பது பானம்தான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வைன் என்று எடுத்தால் தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பாகலாம். இறக்குமதி வைனுக்கு அங்கே வரி அதிகம். அதற்குப் பதில் மது இல்லாத பான வரிசை, அல்லது தேநீர் வரிசை இருந்தால் எடுங்கள். தாமரைப் பூவில் வாசம் ஏற்றிய தேநீர் மீன் சாற்றின் உப்போடு சேர்வதுபோல் பல வைன்கள் சேர்வதில்லை. தண்ணீர்ப் பாட்டிலுக்கும் காசு உண்டு, வியக்காதீர்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, மனம் விரும்பினால் கொடுக்கலாம்.

சீக்கிரம் போங்கள், ஆறு, ஆறரைக்கு. நாள் முழுக்க வெயிலில் அலைந்த அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அன்று மதியம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். முக்கியமாக, முதல் நாளே போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் தெருவில் ஃபோ, பான் ஸியோ, இலை சுருட்டல் எல்லாம் சாப்பிட்டுப் பழகியபிறகு போனால்தான் அந்தச் சமையல்காரர் எதை மாற்றினார், எதை மாற்றாமல் விட்டார் என்பது நாக்குக்குத் தெரியும். மூலப்பாட்டு தெரியாமல் ஆலாபனை கேட்டு என்ன பயன்? மனைவிக்கும் இதே ஏற்பாடு சாத்தியம். ‘சாய்’ என்று பலகை தொங்கும் சிறு கடைகளில் சைவ ஃபோவும் சைவப் பான் ஸியோவும் கிடைக்கும், காளானும் சோயா கட்டியும் போட்டு.

ஆனான் பக்கம் போவதாக இருந்தால் ஒரு யோசனை. நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் தோன் தட் தியெப் தெருவில் இருக்கிறது, அங்கிருந்து நடக்கும் தூரம்தான். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் தடம் அது. ட்ருவோங் டின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலில் இன்றும் வியட்நாமியர்கள் வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். தென்வியட்நாமின் கோழிக்கறிக் குழம்புக்கு ‘கா ரி’ என்றுதான் பெயர். தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தொட்டுக்கொள்ள ரொட்டி. அதில் இந்தியர்களின் கை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை, அதில் தமிழர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கு ஆதாரம் போதாது. நவீன மெனுக்களில் அந்தக் கா ரி அவ்வப்போது வேறு உருவத்தில் தலைகாட்டும். கண்ணில் பட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். மனைவிக்குக் கோழி இல்லாமல் கிழங்கும் காளானும் வைத்துச் செய்யச் சொல்லலாம். கா ரியின் அடிப்படை தேங்காய்ப்பால் என்பதால் மற்ற பல தட்டுகளைவிட இதைச் சைவமாக்குவது சமையலறைக்குச் சுலபம். அதையும் முன்பதிவுக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் நல்லது.